அபராதம் கட்டினால் வழக்கு முடிந்ததா?

அலோர் ஸ்டாரை ஒட்டிய கெப்பாலா பத்தாசில் ஆகாயப் படைக் கல்லூரி இருக்கிறது. கூலிம், சுங்கை பட்டாணி தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ராணுவ அதிகாரிப் பயிற்சி எட்டாக் கனி அல்ல. 1967இல் அரச மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியானவர் கே. தனபாலசிங்கம் என்ற தமிழர்தான். ஆனால், பழைய அடிதடி வழக்கொன்று குறுக்கே நின்றால்?

விண்ணப்பிப்பவர் மீது குற்றப் பதிவு இருக்கக் கூடாது என்பது ஆயுதப் படையின் நிபந்தனை. பின்னணியையும் அலசுவார்கள். ஆகவே, வழக்கு எப்படி முடிந்தது என்பதே முதல் கேள்வி.

போக்குவரத்துச் சம்மனுக்குக் கட்டிய கம்பவுண்டு, நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் வேறு. தொகை சிறிதானாலும் அது குற்றவாளி என்ற தீர்ப்பு. காயம் விளைவித்ததற்கான, தண்டனைச் சட்டத்தின் 323ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். “ஒத்துக்கிட்டுக் கட்டிட்டு வந்துடு, வேலைக்குப் போகணும்” என்று வீட்டார் அவசரப்படுத்துவது இங்கேதான் வினையாகிறது.

நன்னடத்தைப் பிணையிலும் இரண்டு வகை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில், குற்றம் நிரூபணமானாலும் தீர்ப்பைப் பதியாமல் விடுவிக்கலாம்; வயது, முன்நடத்தை, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை நீதிபதி பார்ப்பார். 294ஆவது பிரிவிலோ தீர்ப்பு பதிவாகிவிடும். தண்டனைக்குப் பதில்தான் பிணை. வீடு திரும்பும் பையனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் தனி வழி வகுத்திருக்கிறது.

சிங்கப்பூரில் சிறு குற்றங்களின் பதிவு, ஐந்தாண்டு ஒழுங்காக இருந்தால் காலாவதியாகும். இங்கே அப்படித் தானாக அழிவதில்லை. கெடாவில் நடந்த குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம், அரசியலமைப்பின் 42ஆவது பிரிவுப்படி சுல்தானுக்கு உண்டு. அது அரிதாகக் கிடைப்பது.

விண்ணப்பிக்கும் முன் நீதிமன்றப் பதிவகத்தில் உத்தரவின் நகலை வாங்கி, எந்தப் பிரிவு என்று பாருங்கள். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்தது பின்னர் தெரிந்தால் பழைய வழக்கைவிடப் பெரிய சிக்கல். இப்போதுதான் பிள்ளை பிடிபட்டிருந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கைது, தடுப்புக்காவல், ஜாமீன் கட்டங்களில் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் குடிமக்களுக்கு இலவசமாக வாதாடுகிறார்கள்.