வேகமானி காட்டும் 80, உண்மையில் 80 தானா? கார்களில் வேகமும் தூரமும் கணக்கிடப்படும் விதம்

பனச்சமூடு: காரின் வேகமானி மணிக்கு 80 கிலோமீட்டர் என்று காட்டும் அதே நேரத்தில், கைப்பேசியில் உள்ள வழிகாட்டிச் செயலி 75 அல்லது 76 என்று காட்டுவதைப் பல ஓட்டுநர்கள் கவனித்திருப்பார்கள். இவ்விரண்டில் எது சரி என்ற கேள்விக்கு, பெரும்பாலும் செயலி காட்டும் எண்ணே உண்மைக்கு நெருக்கமானது என்பதே விடை. எனினும், இந்த வேறுபாட்டைக் கருவியின் பழுதாகக் கருத வேண்டியதில்லை. வேகமானிகள் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படியே வடிவமைக்கப்படுகின்றன.

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள பனச்சமூடு, பாறசாலை போன்ற பகுதிகளில் இரு மாநில வாகனங்களும் நாள்தோறும் எல்லை கடந்து செல்கின்றன. கேரளத்தில் 2023 ஜூலை 1 முதல் வேக வரம்புகள் மாற்றியமைக்கப்பட்டன. இதன்படி, ஒன்பது இருக்கைகள் வரை உள்ள கார்களுக்கு மாநில நெடுஞ்சாலைகளிலும் முக்கிய மாவட்டச் சாலைகளிலும் 80 கி.மீ., நகர எல்லைக்குள் 50 கி.மீ. என வரம்பு உள்ளது. வேக வரம்பை மீறும் இலகுரக வாகன ஓட்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. இந்நிலையில், கண்முன் உள்ள வேகமானியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டியதாகிறது.

குறைத்துக் காட்டக் கூடாது

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 117-ஆவது விதி, வாகனங்களில் வேகமானி பொருத்தப்படுவதைக் கட்டாயமாக்குகிறது. வேகமானியின் துல்லியம் குறித்து உலகின் பல நாடுகள் பின்பற்றும் அளவுகோல், ஐக்கிய நாடுகள் அமைப்பின் 39-ஆம் எண் ஒழுங்குமுறை ஆகும்.

இந்த ஒழுங்குமுறையின்படி, வேகமானி எந்தச் சூழலிலும் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம்; ஆனால் அந்தக் கூடுதல், உண்மையான வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. அதாவது, கார் உண்மையில் 80 கி.மீ. வேகத்தில் செல்லும்போது வேகமானி 80 முதல் 92 வரை எந்த எண்ணைக் காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதே. 40 கி.மீ. வேகத்தில் இந்த மேல்வரம்பு 48 ஆக இருக்கும்.

டயரின் தேய்மானம், காற்றழுத்தம், சுமை ஆகியவற்றால் கணக்கு சற்றே மாறும் என்பதால், எந்த நிலையிலும் குறைத்துக் காட்டாதிருக்கத் தயாரிப்பாளர்கள் ஓரிரு சதவீதமோ அதற்கு மேலோ கூட்டிக் காட்டும்படி வேகமானியை அமைக்கின்றனர்.

சக்கரச் சுழற்சியே அடிப்படை

கார் தன் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் அல்லது கியர்பெட்டியின் வெளியீட்டுத் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பதை உணரிகள் எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையை டயரின் சுற்றளவால் பெருக்கி, வேகமும் தூரமும் கணக்கிடப்படுகின்றன. எனவே, டயரின் அளவு மாறினால் இரண்டு கணக்குகளும் மாறும்.

எடுத்துக்காட்டாக, 175/65 ஆர்15 அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 608 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் செல்ல அது ஏறத்தாழ 523 முறை சுழல வேண்டும். தோற்றத்துக்காக 195/65 ஆர்15 டயரைப் பொருத்தினால் விட்டம் 634 மில்லிமீட்டராக உயர்கிறது. அதே தொலைவுக்கு 502 சுழற்சிகளே போதும். காரின் கணினிக்கு இந்த மாற்றம் தெரியாது. ஆகவே அது வேகத்தையும் தூரத்தையும் 4 சதவீதத்துக்கு மேல் குறைத்தே கணக்கிடும்.

இதனால் தயாரிப்பாளர் வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளி சுருங்கிவிடுகிறது. முன்பு துல்லியமாகக் காட்டிய வேகமானி, பெரிய டயருடன் 80 என்று காட்டும்போது கார் உண்மையில் 83 கி.மீ.க்கு மேல் சென்றுகொண்டிருக்கும். நிறுத்தத் தூரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்வதால், பிரேக் பிடித்த பின் கார் நிற்கத் தேவையான தூரம் சுமார் 9 சதவீதம் அதிகரிக்கும். சாலையோரக் கேமராக்களும் உண்மையான வேகத்தையே அளக்கின்றன.

மைலேஜ் கணக்கில் மாயத் தோற்றம்

டயர் அளவின் தாக்கம் மைலேஜ் கணக்கிலும் தெரியும். பெரிய டயர் பொருத்திய காரில் 1,000 கி.மீ. என்று ஓடோமீட்டர் காட்டினால், உண்மையில் ஓடியது 1,040 கி.மீ.க்கும் அதிகம். அதற்கு 50 லிட்டர் பெட்ரோல் செலவானால், மைலேஜ் 20 கி.மீ. என்று கணக்கு வரும். உண்மையில் அது 21-ஐ நெருங்கியிருக்கும். டயர் மாற்றியபின் மைலேஜ் குறைந்துவிட்டதாகத் தோன்றுவதில் ஒரு பகுதி இவ்வாறு கணக்கில் மட்டுமே உள்ள குறைவாகும்.

தேய்ந்த டயர் இதற்கு நேர்மாறானது. புதிய டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டரில் இருந்து, மாற்ற வேண்டிய அளவான 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும்போது விட்டம் ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது. அப்போது ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்து எண்ணுவதால் மைலேஜ் கூடியதுபோல் தெரியும்.

ஓடோமீட்டர் கணக்கு பணத்துடனும் தொடர்புடையது. அமெரிக்காவில் ஹோண்டா கார்களின் ஓடோமீட்டர்கள் தூரத்தைக் கூட்டிக் காட்டுவதாகத் தொடரப்பட்ட வழக்கு 2007-இல் சமரசத்துக்கு வந்தது. உத்தரவாதக் காலத்துக்கான தூர வரம்பை 5 சதவீதம் நீட்டிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

டாக்சி, ஆட்டோ ஆகியவற்றின் கட்டண மீட்டர்களைச் சட்டமுறை எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரையிடுகிறது. தனியார் காரின் ஓடோமீட்டருக்கு அத்தகைய சரிபார்ப்பு இல்லை. பதிவுச் சான்றிதழிலும் ஓடிய தூரம் இடம்பெறுவதில்லை. டிஜிட்டல் ஓடோமீட்டரில் தூரம் நினைவகச் சில்லில் பதிவாகிறது. உரிய கருவி இருந்தால் அதைக் குறைத்து எழுத முடியும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் 4.5 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் பொய்யான தூரக் கணக்குடன் விற்கப்படுவதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் இத்தகைய செயல், ஏமாற்றுதல் என்ற வகையில் பாரதிய நியாய சம்ஹிதாவின் 318-ஆவது பிரிவின் கீழ் வரக்கூடும். நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

மாநில எல்லை கடந்து பழைய கார் வாங்குவோர், தடையின்மைச் சான்றுடன் சர்வீஸ் பதிவேடுகளையும் கேட்டுப் பெறுவது நல்லது. ஒவ்வொரு சர்வீஸின்போதும் பதிவான தூரம் தேதி வாரியாக ஏறிக்கொண்டே வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்த தூரமே ஓடியதாகச் சொல்லப்படும் காரில் பெடல் ரப்பர், ஸ்டியரிங் உறை, ஓட்டுநர் இருக்கை ஆகியவை அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தால் அது ஓர் எச்சரிக்கை அறிகுறி.

எவ்வாறு சரிபார்ப்பது?

நேரான, நெரிசலற்ற சாலையில் ஒரே சீரான வேகத்தில் சில நொடிகள் சென்று, ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தை உடன் பயணிப்பவர் குறித்துக்கொள்வது எளிய வழி. வளைவுகளிலும் மரங்கள் அடர்ந்த இடங்களிலும் ஜி.பி.எஸ். எண் பிந்தி மாறலாம் என்பதால், அங்கு எடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல. டயர் மாற்றிய பிறகும் இச்சோதனையைச் செய்யலாம். வேகமானி ஜி.பி.எஸ். எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் கவலைப்படத் தேவையில்லை. குறைவாகக் காட்டினால், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள பரிந்துரை டயர் அளவுடன் தற்போதைய டயரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.