கடைக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறதா?



பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன் நான். மிளகாய் வத்தல், பருப்பு, மாவு மொத்த வியாபாரம். கம்ப்யூட்டர் படித்தவனல்ல. ஆனால் பட்ட நஷ்டம் சில பாடங்களைக் கற்றுத் தந்தது. அது நம் உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கடைக் கம்ப்யூட்டர் மதியத்துக்கு மேல் பில் போடும்போது அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது, கீபோர்டு கேட்காது. பழுது பார்க்க வந்தவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும்" என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டு மாதப் பற்று வரவு அதோடு போயிற்று. நாணயமான வாடிக்கையாளர்கள் தங்கள் பாக்கியைத் தாங்களே வந்து சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மதியம் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றது! பெட்டியைத் திறந்து பார்த்தால், உள் விசிறி முழுவதும் மிளகாய்த் தூசியும் மாவும் அடைத்துக் கிடந்தன. சுத்தம் செய்ததும் கோளாறு தீர்ந்தது. போன கணக்கு மட்டும் திரும்பவில்லை.

ஆகவே முதல் வேலை, கணக்கைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுப்பது. அதன் பிறகே யாரையும் கை வைக்க விடுங்கள். அடுத்து, எப்போது நிற்கிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். நோய் எங்கே என்பதை அந்தக் குறிப்பே பாதி சொல்லிவிடும்.

1. சூடு: காலையில் நன்றாக ஓடி, நேரம் ஆக ஆக நின்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால், பல கம்ப்யூட்டர்களில் ப்ராசசரின் வெப்பநிலையைக் காட்டும் திரை வரும். வேலை எதுவும் இல்லாதபோதே 80 டிகிரியைத் தாண்டினால் கோளாறுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்துத் தூசியை நீக்குங்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் ப்ராசசர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.

2. ரேம்: நேரம் காலமின்றி நிற்பதும், நீலத் திரை வருவதும் ரேம் கோளாறாக இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். பல சமயம் இதுவே போதும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. அதில் பிழை காட்டினால், இரண்டு ரேம் இருக்கும் பட்சத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

3. ஹார்ட் டிஸ்க்: ஃபைலைத் திறக்கும்போதோ சேமிக்கும்போதோ நின்று, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால் டிஸ்க்கைக் கவனியுங்கள். பழைய டிஸ்க்கில் "டிக் டிக்" சத்தம் கேட்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. சத்தமே போடாமல் போய்விடும். அதற்கும் நகல் அவசியம்.

4. மின்சாரம்: பிரிட்ஜோ அரவை இயந்திரமோ ஓடத் தொடங்கும்போது நின்றால், அல்லது தானே அணைந்து எரிந்தால், கம்ப்யூட்டருக்குத் தனி இணைப்புக் கொடுங்கள். யு.பி.எஸ். பேட்டரியைச் சோதியுங்கள். பெட்டிக்குள் மஞ்சள் கம்பியில் 12 வோல்ட் வர வேண்டும், 11.4-க்குக் கீழே இறங்கினால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதுதான். அதை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

5. வெளிக் கருவிகள்: பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

விண்டோஸ் தொடங்கும் முன்பே, வெப்பநிலை காட்டும் அந்தத் திரையிலேயே நின்றால் கோளாறு பாகத்தில்தான். அதற்கு விண்டோஸை அழிப்பது வீண். மதர்போர்டை மாற்றச் சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல பாகம் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை பேசுகிறோமா? இதுவும் அப்படித்தான்.

ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்கும் தேதி கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்காது. மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். தினமும் கடை அடைக்கும் முன், கல்லாவை எண்ணுவதுபோல் கணக்கையும் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.