சுண்ணாம்பு நிலமும் மூட்டுப் படிகமும்: கால்சியம் பைரோபாஸ்பேட் நோய் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் தமிழகத்தின் சுண்ணாம்புக்கல் வளம் மிக்க நிலப்பகுதிகள். முதியோரின் மூட்டுகளில் கால்சியம் படிகங்கள் படிந்து உண்டாகும் நோயை இந்நிலத்தின் நீரோடு தொடர்புபடுத்தும் எண்ணம் எளிதில் எழக்கூடியது. பாறையிலுள்ள கால்சியமும் மூட்டிலுள்ள கால்சியமும் வெவ்வேறு சேர்மங்கள் என்பதையும், படிவுக்குக் காரணம் குருத்தெலும்பின் உள்ளே நிகழும் வளர்சிதை மாற்றமே என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுண்ணாம்பு, கால்சியம் பைரோபாஸ்பேட், போலிக் கவுட், குருத்தெலும்பு, கடின நீர், கோல்ச்சிசின்.

ஒரு சொல், பல பொருள்கள்

தமிழில் 'சுண்ணாம்பு' என்னும் சொல்லின் ஆட்சி மிக விரிந்தது. சுரங்கத்தில் வெட்டப்படும் கல்லும், சுவருக்கு அடிக்கும் பூச்சும், வெற்றிலையில் தடவும் களிம்பும், கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கும் நீறும் இச்சொல்லில் அடங்குகின்றன. பாலிலும் கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள கால்சியத்தையும் 'சுண்ணாம்புச் சத்து' என்றே வழங்குகிறோம். வேதியியல் நோக்கில் இவற்றுக்குப் பொதுவானது கால்சியம் என்னும் தனிமம் ஒன்றே. சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. எலும்பின் கனிமம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அபடைட் வகை. முதியோரின் மூட்டில் திடீர் வீக்கத்தை உண்டாக்கும் படிகமோ கால்சியம் பைரோபாஸ்பேட் டைஹைட்ரேட் என்னும் வேறொரு சேர்மம். ஊடுகதிர்ப் படத்தில் முழங்காலின் குருத்தெலும்பு நெடுக ஒரு வெண்கோடு தெரியும்போது, நோயாளியிடம் 'சுண்ணாம்பு படிந்திருக்கிறது' என்று சொல்வது எளிது. அச்சொல்லைக் கேட்டவர் பாலையும் கேழ்வரகையும் விலக்கத் தொடங்கினால், மூட்டுக்கு நன்மை விளைவதில்லை. எலும்புக்குக் கேடு விளைகிறது.

நிலமும் நீரும்

அரியலூரைச் சூழ்ந்த நிலம் கிரிடேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட நிலவியல் ஆய்வுக்குப் பின் உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று பாறைத் தொகுதிகள் அறிவுலகில் நிலைபெற்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் செறிந்து கிடக்கின்றன. தமிழ்நாடு அரசின் ஆலை உட்படப் பல சிமெண்ட் ஆலைகள் இங்கு அமைந்தமைக்கு இக்கல்லே காரணம்.

இத்தகைய பாறையினூடே ஊறிவரும் நிலத்தடி நீர் கடினத்தன்மை கொள்வது இயல்பு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரக்கூறு லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியத்தை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர்வளம் இல்லாதபோது 200 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் கொள்கிறது. உச்ச வரம்பிலுள்ள நீரை ஒருவர் நாளொன்றுக்கு 3 லிட்டர் பருகினாலும் அவருக்குக் கிடைப்பது 600 மில்லிகிராம். வளர்ந்தோருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அன்றாடத் தேவை 1000 மில்லிகிராம். அதாவது, கடின நீர் தரும் கால்சியம் தேவையின் ஒரு பகுதியே. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைப் பாராதைராய்டு சுரப்பியும் வைட்டமின் டியும் சிறுநீரகமும் குறுகிய எல்லைக்குள் நிறுத்துகின்றன. பருகிய நீர் நேரே மூட்டுக்குள் சென்று படிவதில்லை. நீரின் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதனையும் உலகச் சுகாதார நிறுவனம் விதிக்காததும் இங்கு எண்ணத்தக்கது.

இதனால் நீருக்கும் மூட்டுக்கும் தொடர்பே இல்லை என முடிவு செய்தல் ஆகாது. 1937இல் ஷார்ட் முதலியோர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் கண்டறிந்த ஃபுளூரைடு நச்சுநோய் முற்றிலும் நீர்வழி வருவது; தசைநார்களைக் கெட்டிப்படுத்தி முதுகையும் மூட்டுகளையும் முடக்குவது. தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்கள் அதற்கு அறியப்பட்டவை. சுண்ணாம்பு நிலத்தில் இவ்விடர் கூடும் என்று தோன்றலாம். வேதியியல் இதற்கு மாறானது. கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளூரைடு கால்சியம் ஃபுளூரைடாகப் பிரிந்து படிவதால், கரைந்திருக்கும் அளவு பொதுவாகக் குறைகிறது. பச்சைமலை அடிவாரம் போன்ற கடினப் பாறை நிலங்களின் ஆழ்துளைக் கிணறுகளில்தான் ஃபுளூரைடு சோதனைக்கு முதலிடம் தரவேண்டும். சிமெண்ட் தூசியால் நுரையீரலுக்கு நேரும் தீங்கு தனியே ஆராயப்பட வேண்டிய பொருள். மூட்டுப் படிகத்திற்கு நீர் காரணமன்று என்பதால் அவ்வினா நீர்த்துப் போவதில்லை.

படிகம் பிறக்கும் இடம்

இந்நோயின் வரலாறே ஒரு குறிப்பைத் தருகிறது. 1950களின் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜிட்னான், சிட்டாய் என்னும் இருவர் குருத்தெலும்பில் கால்சியம் படியும் நோயைச் சில குடும்பங்களில் வழிவழியாகக் கண்டு பதிவு செய்தனர். குடும்பத்தில் தொடர்ந்த நோய் அது. அமெரிக்காவில் டேனியல் மெக்கார்ட்டியும் உடனாய்வாளரும் கவுட் எனக் கருதப்பட்ட சிலரின் மூட்டுநீரில் யூரேட் அல்லாத படிகங்களைக் கண்டு, 1962இல் அதற்குப் 'போலிக் கவுட்' எனப் பெயரிட்டனர்.

பைரோபாஸ்பேட் குருத்தெலும்பு செல்லிலிருந்தே தோன்றுகிறது. செல் வெளியேற்றும் ஏடிபி மூலக்கூறை இஎன்பிபி1 என்னும் நொதி பிளக்கும்போது பைரோபாஸ்பேட் விடுபடுகிறது. ஏஎன்கேஎச் என்னும் புரதம் செல்லுக்கு வெளியே பைரோபாஸ்பேட்டின் அளவு பெருகத் துணைநிற்கிறது. அதைச் சிதைப்பது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி. ஆக்கம் மிகுந்தோ சிதைவு குறைந்தோ சமநிலை குலைந்தால், எவருடைய உடலிலும் எப்போதும் இருக்கும் கால்சியத்தோடு பைரோபாஸ்பேட் இணைந்து படிகமாகிறது. பற்றாக்குறையோ மிகுதியோ நேர்வது பைரோபாஸ்பேட்டில். கால்சியம் அங்கு உடன்நிற்கும் பொருளே. இதில் ஒரு முரணும் உண்டு: எலும்பின் அபடைட் படிகம் தேவையற்ற இடத்தில் வளராமல் தடுப்பதும் இதே பைரோபாஸ்பேட்தான்.

மூப்பே முதன்மைக் காரணி. அறுபது வயதுக்கு முன் இந்நோய் தோன்றினால் பாராதைராய்டு மிகைச்சுரப்பு, உடலில் இரும்பு மிகுந்து தேங்கும் நோய், மெக்னீசியக் குறைவு, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் குறைவு, மரபுப் பிறழ்வு ஆகியவற்றைத் தேட வேண்டும். மெக்னீசியம் பைரோபாஸ்பேட்டைச் சிதைக்கும் நொதிகளுக்குத் துணையாகிறது. படிகம் கரையவும் உதவுகிறது. பழி சுமத்தப்படும் கடின நீரில் கால்சியத்தோடு மெக்னீசியமும் இருப்பது நினைவில் கொள்ளத்தக்கது.

படிந்த படிகம் பல்லாண்டுகள் அமைதியாகக் கிடக்கலாம். அது மூட்டுநீரில் உதிரும்போது வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. செல்லினுள் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் தூண்டப்பட்டு இன்டர்லூகின்-1 பீட்டா வெளிப்படுகிறது. யூரேட், பைரோபாஸ்பேட் ஆகிய இரு படிகங்களும் இவ்வழியையே பயன்படுத்துகின்றன என 2006இல் மார்ட்டினான் குழுவினர் நிறுவினர். இரண்டு நோய்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதன் காரணம் இதுவே.

வேறுபடுத்தி அறிதல்

கீல்வாதம் என்னும் சொல்லும் சுண்ணாம்பைப் போன்றே பலவற்றைத் தன்னுள் அடக்குவது. முழங்காலோ மணிக்கட்டோ ஓரிரவில் வீங்கிச் சிவந்தால், யூரிக் அமிலச் சோதனை ஒன்றைக்கொண்டு கவுட் என்று முடிவு கட்டுவது பிழைக்கு இடம் தரும். யூரிக் அமிலம் மிகுந்திருந்தும் கவுட் இல்லாதோர் பலர். போலிக் கவுட் உடையவருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் பயனில்லை.

தெளிவு தருவது மூட்டுநீரை ஊசியால் எடுத்து, தளவிளைவுற்ற ஒளியில் நுண்ணோக்கி வழியே காண்பது. யூரேட் படிகம் ஊசி வடிவினது, பளிச்சென்று ஒளிர்வது. ஈடுசெய் தகட்டின் அச்சுக்கு இணையாக இருக்கையில் மஞ்சளாகத் தோன்றும். பைரோபாஸ்பேட் படிகம் சாய்சதுரமோ சிறுகோலோ போன்றது, மங்கலாக ஒளிர்வது, அதே நிலையில் நீலமாகத் தோன்றும். அதே மூட்டுநீரை நுண்ணுயிர்ச் சோதனைக்கும் அனுப்புதல் கட்டாயம். படிகமும் கிருமித்தொற்றும் ஒரே மூட்டில் சேர்ந்திருக்கக்கூடும். தொற்றைத் தவறவிட்டால் சில நாள்களில் மூட்டே அழியும். 2023இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோயியல் அமைப்புகள் இணைந்து வெளியிட்ட வகைப்பாட்டு அளவுகோல்கள் மூட்டுநீர்ச் சோதனையோடு ஊடுகதிர், மீயொலி, கணினி வெட்டுவரைபடச் சான்றுகளுக்கும் இடமளித்துள்ளன.

மருந்தும் செங்காந்தளும்

கவுட்டில் யூரேட்டைக் கரைப்பது போல் பைரோபாஸ்பேட் படிகத்தைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அழற்சியைத் தணிப்பதே மருத்துவம்: மூட்டுநீரை வடித்தல், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, அழற்சி எதிர்ப்பு மருந்து, கோல்ச்சிசின். முதியோரின் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் இவற்றுள் எதைத் தேர்வது என்பதே மருத்துவரின் உண்மையான இடர்ப்பாடு.

கோல்ச்சிசின் 1820இல் பிரான்சில் பெல்லட்டியே, கவந்தூ ஆகியோரால் பிரித்தெடுக்கப்பட்டது. அதே வேதிப்பொருள் தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களோடு அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம் பகுதியிலும் அது விதைக்காகப் பயிரிடப்படுகிறது. உழவர் வழக்கில் அது கண்வலிக்கிழங்கு. மருந்து தரும் செடி என்பதால் கிழங்கை அரைத்து உண்பது உயிருக்கே இறுதியாகலாம். கோல்ச்சிசினில் பயன்தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகியது, மாத்திரையில் 0.5 மில்லிகிராம் என அளந்து வைக்கப்படும் அப்பொருள், கிழங்குக்குக் கிழங்கு வேறுபடுகிறது.