மூன்று வாரக் கணக்கு

மார்பகப் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்லவும் கூசும் குடும்பங்கள் நம்மவரிடையே பல உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்றாகவே இருந்தது. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தரசிக்கு அந்நோய் கண்டிருப்பதைப் பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் உறுதி செய்தபோது, நாங்கள் முதலில் செய்த காரியம் அதனை மறைத்ததுதான். ஊரிலுள்ள பெரியவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து சயானிலுள்ள வீட்டுக்குத் திரும்பியபோதும், அண்டை வீட்டாரிடம் வயிற்றில் கட்டி என்றே கூறினோம்.

அதன் விலையை விரைவிலேயே கொடுக்க நேர்ந்தது. முதல் கீமோ மருந்து ஏற்றிய 10-ஆம் நாள், நாங்கள் அலுவலகம் சென்றிருந்த வேளையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த வீட்டு அம்மாள் நல்லெண்ணத்துடன் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் போர்த்திப் படுக்கவைத்தார். மறைத்த செய்தி வெளியாகிவிடுமே என்று இல்லத்தரசியும் வாய் திறக்கவில்லை. மாலையில் நாங்கள் வந்து பார்க்கையில் காய்ச்சல் 102 டிகிரி. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஐந்து நாள் வைத்திருந்து குணப்படுத்தி அனுப்பினார்கள். ஓர் இரவு தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர்.

இதன் காரணத்தை அனைவரும் அறிந்திருத்தல் நலம். கீமோ மருந்து புற்றணுக்களை அழிப்பதோடு, நோய்த்தொற்றைத் தடுக்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. மருந்தேற்றிய 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை அவை பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினாலே, கஷாயமோ மாத்திரையோ கொடுத்துக் காத்திராமல், இரவாயினும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மறுநாளே எல்லோருக்கும் உண்மையைக் கூறினோம். "எங்களை அந்நியராகவா நினைத்தீர்கள்?" என்று அடுத்த வீட்டு அம்மாள் வருந்தினார்; அன்று முதல் எங்கள் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். இது ஒட்டுவாரொட்டி நோயோ என்று ஐயுற்றவர்களும் உண்டு. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதன்று. உடன் உண்ணலாம், குழந்தையை அணைத்துக்கொள்ளலாம்.

பின்னர் காலண்டரைக் கையிலெடுத்தோம். 21 நாட்களுக்கு ஒரு முறை மருந்து. முதல் வாரம் குமட்டல். தாளிக்கும் மணமே ஆகாது. ஆகவே அவர் பால்கனியில் இருக்கும்போதே சமையலை முடித்து, ஆறிய இட்லி, ரசம் சாதம் எனச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தோம். இரண்டாம் வாரம் கூட்டமும் விருந்தினரும் கூடா. அப்போதைக்கப்போது சமைத்த உணவும் கொதித்தாறிய நீருமே. மூன்றாம் வாரம் உடல் ஓரளவு தேறும். கடைத்தெரு, கோயில் எல்லாம் அவ்வாரத்தில்தான்.

ஊரிலிருந்து மாமியார் வந்து சேர்ந்தார். அன்பின் மிகுதியால் மகளை ஒரு துரும்பையும் எடுக்கவிடவில்லை. "என் வீட்டில் என்னையே விருந்தாளி ஆக்கிவிட்டீர்களே, அம்மா!" என்று ஒருநாள் மகள் கண்ணீர் விட்டார். அன்று முதல் மூன்றாம் வாரத்துச் சமையல் அவர் கைக்கே திரும்பியது.

அறுவைக்குப்பின் கை உயராமற் போகாதிருக்க, சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலேற்றும் பயிற்சியைக் கற்றுத் தந்திருந்தனர். மகனின் உயரத்தைக் குறிக்கும் கோடுகளின் அருகிலேயே தாயின் விரல் எட்டிய இடத்தையும் பென்சிலால் குறித்து வந்தோம். அரிசி டப்பா இருக்கும் அலமாரித் தட்டை அவர் எட்டிய நாளில் வீட்டில் பாயசம்!

கீமோ முடிந்து, 15 நாள் கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. இப்போது நாள்தோறும் ஒரு மாத்திரை. குறைந்தது ஐந்தாண்டுகள் உண்ணவேண்டும். உறவினர் அனுப்பும் லேகியங்களை மருத்துவரைக் கேளாமல் தொடுவதில்லை.

ஊருக்குச் சென்று சிகிச்சை பெற விரும்புவோருக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. ரயில்வேயில் பணிபுரியும் குடும்பம் என்ற முறையில் ஒன்று கூறுவோம்: மருத்துவமனை தரும் உரிய சான்றிதழைக் காட்டினால், சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.ஸி. வகுப்புகளில் அடிப்படைக் கட்டணம் முழுவதும் கழிக்கப்படும். துணைக்குச் செல்பவருக்கு நூற்றுக்கு 75 பங்கு கழிவு உண்டு.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அண்டை வீட்டாரே உற்றார். ஆதலால் அன்பர்களே, இந்நோய் உங்கள் இல்லத்தில் நுழைந்தால், முதலில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். கட்டியோ மாற்றமோ கண்ட சகோதரிகள் நாணத்தால் நாட்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.