மாணவர் மனமும் மறை காத்தலும்

புக்கிட் பெலண்டோக் என்றதும் நம்மவர் பலர்க்கு 1999-ஆம் ஆண்டே நினைவுக்கு வரும். நெகிரி செம்பிலானில் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் அமைந்த அவ்வட்டாரத்தில்தான் நிப்பா நோய் கடுமையாகப் பரவியது. முதலில் அதனைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினர். அஃது ஒரு புதிய நச்சுயிரியால் வந்தது என்பது அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் தெளிவாயிற்று. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். அவருள் 105 பேர் மாண்டனர். மக்கள் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு வெளியேறினர்.

பேரிடர்க் காலத்தில் பெரியோர் துயரை ஊர் அறியும்; பள்ளிப் பிள்ளையின் துயரை அறிவார் யார்? தந்தையை இழந்த மாணவன் கணக்கில் தவறுகிறான். நாம் கணக்கைத் திருத்துகிறோம், காரணத்தைக் காண்பதில்லை. நோய் வந்தால்தான் துயரென்பதில்லை. குடிகாரத் தந்தை, கடன், அச்சுறுத்தும் தோழர் கூட்டம் எனத் தோட்டத்துப் பிள்ளைக்கு எந்நாளும் சுமை உண்டு. அதனை இறக்கி வைக்க ஒருவர் வேண்டும். அவரே ஆலோசனை ஆசிரியர்.

இப்பணி நேற்று முளைத்ததன்று. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் இளைஞர்க்குத் தொழில் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மலேசியாவில் 1963-இல் கல்வி அமைச்சு பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியரை அமர்த்தப் பணித்தது. இடைநிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசனை ஆசிரியர் 1996 முதல் அமர்ந்தனர். 1998-இல் ஆலோசகர் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு பெற்ற ஆலோசகர், தம்மை நாடி வந்தவர் கூறியதைக் காக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நெறி. பதிவில்லாத ஆசிரியர்க்கும் இந்நெறி பொருந்துவதே.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. லயத்தில் ஒரு வீட்டுச் செய்தி மாலைக்குள் எல்லா வீட்டையும் எட்டிவிடும். காலையில் ஆலோசனை அறையில் அழுத பிள்ளை, மாலையில் தன் கதையைக் கடைத்தெருவில் கேட்டால் என்னாகும்? மறுமுறை அவன் வாய் திறவான். பிற மாணவரும் திறவார். ஒருவர் நாத்தவறினால் அறையே பூட்டிய அறையாகிவிடும். திருக்குறளின் 19-ஆம் அதிகாரம் புறங்கூறாமையைப் பேசுவதை நாம் வகுப்பில் நடத்துகிறோம். ஆசிரியர் ஓய்வறையிலும் அதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவ்வாறாயின் எதனையும் எவர்க்கும் சொல்லலாகாதோ? அன்று. மறை காத்தல் வேறு. தீமையை மூடி மறைத்தல் வேறு. பிள்ளை தன்னுயிரை மாய்க்க எண்ணினும், பிறர்க்குத் தீங்கு சூழினும், பிறரால் கொடுமைக்கு ஆளாயினும் வாளாவிருத்தல் பிழை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவியாமையையே குற்றமாக்கியது.

ஆகவே, ஆலோசனை ஆசிரியர் தொடக்கத்திலேயே மாணவனிடம் எல்லையைக் கூறிவிடல் வேண்டும்: “நீ சொல்வதை நான் காப்பேன், தம்பி. உன் உயிர்க்கோ பிறர் உயிர்க்கோ ஆபத்து என்றால் மட்டும், உதவக்கூடியவரிடம் சொல்வேன். அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே சொல்வேன்.” இவ்வுறுதி முன்னமே இருப்பின், பின்னர் ஒன்றைத் தெரிவிக்க நேரினும் அவன் தான் வஞ்சிக்கப்பட்டதாகக் கருதான். தெரிவிக்கும்போதும் வேண்டியவர்க்கு மட்டும், வேண்டிய அளவே தெரிவித்தல் தகும்.

பெற்றோர் வந்து, “என் பிள்ளை என்ன சொன்னான், ஐயா?” என வினவுவர். அவ்வினா அன்பினின்று எழுவது. அதனைக் கடிதல் ஆகாது. “அவனுக்குச் சற்று மனச்சுமை இருக்கிறது, வீட்டில் நீங்கள் அவனோடு பொறுமையாகப் பேசுங்கள்” என்று வழி காட்டலாம். இயலுமாயின் பிள்ளையே பெற்றோரிடம் கூறத் துணை நிற்கலாம். குறிப்பேடுகளைப் பூட்டி வைத்தலும், மாணவன் பெயரைச் சுட்டிப் பிறரிடம் எடுத்துக்காட்டுக் கூறாமையும் சிறு செயல்களாகத் தோன்றலாம். அச்சிறு செயல்களால்தான் ஒரு பிள்ளை, “இவரிடம் சொல்லலாம்” என்று துணிகிறான்.