சட்டமும் சட்டப் போலியும்

தம் கைப்பொருளைக் கொண்டே ஒரு வீட்டை வாங்கிவிடும் ஆற்றல் மிகச் சிலருக்கே உண்டு. ஏனையோர் வங்கியிடம் கடன் பெறுகின்றனர். வாங்கும் வீட்டையே அக்கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கின்றனர். இதனையே அடமானம் என்கிறோம். தவணைகள் ஒழுங்காகச் செலுத்தப்படும் வரையில் வீட்டில் குடியிருப்பவருக்கு யாதொரு தடையும் இல்லை. தவணை தவறினால், சட்டம் வகுத்த முறைப்படி வங்கி அவ்வீட்டைக் கைப்பற்றி விற்றுத் தன் கடனைத் தீர்த்துக்கொள்ளலாம். முன்னதை நம்பிக் கடன் வாங்குவோர் வாங்குகின்றனர். பின்னதை நம்பிக் கடன் கொடுப்போர் கொடுக்கின்றனர்.

பத்திரத்தில் படிப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாடு வாழ்க்கையில் அத்துணை எளிதன்று. வேலை போய்விடுகிறது, நோய் வருகிறது, விளைச்சல் பொய்த்துவிடுகிறது. தவணைகள் நிலுவையாகி, ஒரு நாள் நீதிமன்ற அறிவிப்பு வீடு தேடி வருகிறது. அந்த வேளையில் ஒருவர் வந்து, “நீங்கள் இக்கடனைத் தீர்க்க வேண்டியதே இல்லை, இது சட்டப்படி செல்லாது, நான் தரும் இந்தத் தாள்களில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்” என்று சொன்னால், அச்சொல் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! சட்டத்தின் சொற்களால் புனையப்பட்டு, ஆனால் சட்டத்தில் வேரில்லாமல் நிற்கும் இத்தகைய வாதங்களைச் சட்டப் போலிகள் எனலாம். இவை எவ்வாறு தோன்றுகின்றன? ஏன் நிலைப்பதில்லை? மெய்யான சட்டம் கடனாளிக்குத் தரும் பாதுகாப்பு யாது? இவற்றை இன்று காண்போம்.

இப்போலிகளுள் பெரும் புகழ் பெற்ற ஒன்று அமெரிக்க நாட்டில், மின்னசோட்டா மாநிலத்தில், கிரெடிட் ரிவர் என்னும் சிற்றூர்ப் பகுதியில் தோன்றியது. அங்கு ஜெரோம் டேலி என்னும் வழக்கறிஞர் மாண்ட்கோமரி நகரத்து வங்கி ஒன்றில் 14,000 டாலர் கடன் பெற்றுத் தம் வீட்டை ஈடு வைத்திருந்தார். தவணை தவறியது. 1967-இல் வீடு ஏலத்திற்கு வந்தது. வங்கியே அதனை எடுத்தது. டேலி வீட்டை விட்டு வெளியேற மறுத்தார். சிறு வழக்குகளைக் கேட்பதற்கென அமைந்த உள்ளூர் மன்றத்தில், மார்ட்டின் மகோனி என்னும் நீதிபதியின் முன், 1968 டிசம்பரில் வழக்கு நடந்தது.

டேலியின் வாதம் இதுதான்: “வங்கி எனக்குத் தன் பெட்டியிலிருந்து பணம் எடுத்துத் தரவில்லை, தன் பேரேட்டில் ஓர் எண்ணை எழுதிற்று, அவ்வளவே. ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கிய பணம் மறுபயன் ஆகாது. மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது.” மறுபயன் என்பது ஒப்பந்தத்தில் ஒருவர் பெறுவதற்கு ஈடாக மற்றவருக்குத் தரும் பயன். அஃது இல்லாத ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்பது நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் காணப்படும் விதியே. வங்கியின் தலைவர் சாட்சிக் கூண்டில் ஏறி, கடன் தொகை கணக்குப் பதிவினால் உண்டாக்கப்பட்டதே என்று ஒப்புக்கொண்டார். ஜூரிகள் டேலியின் பக்கமே தீர்ப்புக் கூறினர்.

இதன் பின் நடந்ததே இவ்வழக்கின் சுவையான பகுதி. வங்கி மேல்முறையீடு செய்ய முற்பட்டது. அதற்குரிய கட்டணம் 2 டாலர். வங்கி, ஒரு டாலர் நோட்டுகள் இரண்டைச் செலுத்திற்று. மகோனியோ, பெடரல் ரிசர்வ் வங்கிகள் வெளியிட்ட அந்நோட்டுகள் சட்டப்படியான பணமே அல்ல என்று கூறி ஏற்க மறுத்துவிட்டார். நாடெங்கும் மக்கள் உப்பும் ரொட்டியும் வாங்கும் நோட்டுகள், அம்மன்றத்தில் மட்டும் பணமாகா! ஒரு வாதம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால், அது புறப்பட்ட இடத்தின் குறையும் தெரிந்துவிடுகிறது அன்றோ?

அத்தகைய தீர்ப்பு அளிக்கும் அதிகாரம் அச்சிறு மன்றத்திற்கு இல்லை என்று கண்டு, மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பைச் செல்லாததாக்கியது. டேலியை மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் 1971-இல் வழக்கறிஞர் தொழிலிலிருந்தே நீக்கியது. ஆயினும், அத்தீர்ப்பு வெளிவந்ததை மட்டும் சொல்லி, அது வீழ்ந்ததைச் சொல்லாமல் விட்டு, இன்றளவும் அதனைக் கடனாளிகளிடம் எடுத்துக் காட்டுவோர் உளர். பாதி கூறப்பட்ட உண்மை முழுப் பொய்யைக் காட்டிலும் எளிதில் நம்பப்படும்.

டேலியின் வாதத்திலும் அத்தகைய பாதி உண்மை ஒன்று இருக்கத்தான் செய்தது. கடன் கொடுக்கும்போது வங்கிகள் புதிய வைப்புத் தொகையை உண்டாக்குகின்றன என்பது மெய்யே. இங்கிலாந்து வங்கி 2014-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றிலேயே இதனை விளக்கியுள்ளது. ஆனால் அதிலிருந்து டேலி கண்ட முடிவுதான் தவறு. வங்கி தன் பேரேட்டில் எழுதும் எண், அத்தொகையைக் கேட்கும்போது கொடுப்பேன் என்னும் வாக்குறுதி. கடன் பெற்றவர் அதனைக் கொண்டு வீட்டின் விலையைக் கொடுக்கிறார். விற்றவர் அதனை முழுப் பணமாகவே ஏற்றுக்கொள்கிறார். ஒருவருக்கு வீடும் மற்றவருக்கு விலையும் கிடைத்த பிறகு, மறுபயன் எதுவுமே இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அங்கு எழுந்த போலி வேறு வகையானது. அது கையெழுத்தைப் பற்றியது. நிலம் பற்றிய ஒப்பந்தத்தில் இரு தரப்பினரும் கையெழுத்திட வேண்டும் என்று அந்நாட்டின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. அடமானப் பத்திரத்திலோ பெரும்பாலும் கடன் வாங்குபவர் மட்டுமே கையெழுத்திடுவார். ஆகவே நாட்டிலுள்ள அடமானங்கள் யாவும் செல்லாதவை என்று சிலர் வாதிட்டனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் இதனை ஏற்கவில்லை. பின்னொரு நாள் நிலவுரிமையை மாற்றித் தருவேன் என்னும் ஒப்பந்தத்திற்கே அவ்விதி பொருந்தும். உரிமையை அப்போதே மாற்றித் தரும் பத்திரத்திற்கு அது பொருந்தாது என்று அந்நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டத்தின் ஒரு வரியை மட்டும் பிரித்தெடுத்துப் படிப்பதால் வரும் பிழை இது.

இன்னும் சில வாதங்கள் நம்புவதற்கே அரியவை. பத்திரத்தில் பெயர் பெரிய ஆங்கில எழுத்துகளில் அச்சிடப்பட்டிருப்பதால், கடன்பட்டது அப்பெயருடைய ஒரு நிழல் மனிதனேயன்றித் தாம் அல்லர் என்பர் சிலர். 1933-இல் அமெரிக்க அரசு கடன்களைப் பொன்னால் தீர்க்கும் முறையை நீக்கியபோது, ஒவ்வொரு குடிமகன் பெயரிலும் இரகசியக் கணக்கு ஒன்று தொடங்கப்பட்டது என்றும், அதன்மீது உண்டியல் எழுதிக் கடனைத் தீர்க்கலாம் என்றும் கூறுவர் வேறு சிலர். அத்தகைய கணக்கு எதுவும் இல்லை என்று அந்நாட்டுக் கருவூலத் துறை எச்சரித்துள்ளது. அதனை நம்பி உண்டியல் எழுதிச் சிறை சென்றவர்களும் உண்டு. இங்கிலாந்திலோ, 1215-இல் ஜான் மன்னன் ஒப்புக்கொடுத்த மகா சாசனத்தின் 61-ஆம் பிரிவைக் காட்டி, நீதிமன்றத்திற்குக் கீழ்ப்படிய மறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்பர். அப்பிரிவு 25 பிரபுக்களுக்கு மட்டும் தரப்பட்ட அதிகாரம். அடுத்த ஆண்டே, 1216-இல் சாசனம் மீண்டும் வெளியிடப்பட்டபோது, அது விடப்பட்டுவிட்டது.

கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், 2012-இல், ஜான் ரூக் என்னும் நீதிபதி இத்தகைய வாதங்கள் அனைத்தையும் தொகுத்து ஆராய்ந்து மிக விரிவான தீர்ப்பு ஒன்றை எழுதினார். அவர்முன் இருந்தது ஒரு மணவிலக்கு வழக்கே. ஆயினும், இப்போலிகள் பல்வேறு வழக்குகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் கண்டு, அவற்றின் வகைகளை ஒருங்கே விளக்கலானார். அத்தீர்ப்பில் அவர் கடுமையாகச் சாடியது, இவ்வாதங்களைக் கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் ‘குரு’க்களையே. கற்பிப்பவர் கட்டணத்துடன் போய்விடுகிறார். கற்றவர் வழக்கில் தோற்று, செலவுத் தொகையும் சேர்த்துச் சுமக்கிறார்.

சிலர் நினைக்கலாம்: “வலிமை மிக்க வங்கியை எதிர்த்து ஏழை ஒருவன் ஏதோ ஒரு வாதத்தைச் சொல்லிப் பார்க்கிறான், அதனால் யாருக்கு என்ன கேடு?” கேடு அவனுக்கேதான். வீட்டைக் காப்பாற்றுவதற்குரிய காலம் மிகக் குறுகியது. அக்காலத்தில் அவன் வங்கியுடன் பேசியிருக்கலாம். தவணையை மாற்றி அமைக்கக் கேட்டிருக்கலாம். தகுந்த வழக்கறிஞரை நாடியிருக்கலாம். போலி வாதம் அந்த நாட்களை விழுங்கிவிடுகிறது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினவனுக்கு, குதிரை கரைவது நடு ஆற்றில்தான் தெரியும்.

அப்படியானால் சட்டம் எப்போதும் கடன் கொடுத்தவர் பக்கமேயோ எனின், அன்று. இதற்கு மறுமொழியும் மின்னசோட்டாவிலேயே கிடைக்கிறது. டேலி வழக்கிற்கு 35 ஆண்டுகளுக்கு முன், 1933-இல், பெரும் பொருளாதார மந்தத்தால் உழவர்களும் நகர மக்களும் வீடும் நிலமும் இழந்து தவித்தனர். அவர்கள் திரண்டு முறையிட்டனர். மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. ஏலம் போன வீட்டை மீட்பதற்குரிய காலத்தை நீதிமன்றங்கள் 1935 மே முதல் நாள் வரை நீட்டிக்கலாம். ஆனால் குடியிருப்பவர் அக்காலத்திற்கு நியாயமான வாடகை செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மினியாபொலிஸ் நகரில் ஒரு தம்பதியர் மாதம் 40 டாலர் செலுத்தித் தம் வீட்டில் தொடர்ந்து இருக்க நீதிமன்றம் இடமளித்தது. கடன் கொடுத்த நிறுவனம், இஃது ஒப்பந்தங்களைக் குலைப்பது, அரசியலமைப்புக்கு முரணானது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1934 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றனர். நால்வர் செல்லாது என்றனர். ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் சட்டம் நிலைத்தது.

அம்மக்கள் கடனே இல்லை என்று கூறவில்லை என்பதைக் கருதுக. கடன் உண்டு, காலம் கொடுங்கள் என்றனர். இங்கிலாந்தின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இவ்வழியையே காட்டுகிறது: நியாயமான காலத்தில் நிலுவையைத் தீர்க்கக்கூடும் என்று தோன்றினால், வீட்டை ஒப்படைக்கும் ஆணையை நீதிமன்றம் தள்ளிவைக்கலாம். மேலும், தவறு வங்கியுடையதாயின் நீதிமன்றங்கள் அதனையும் பொறுப்பதில்லை. 2011-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் இரு வீடுகளின் ஏலங்களைச் செல்லாதவை என்றது. ஏலம் நடத்திய வங்கிகள், அந்நாளில் அவ்வடமானங்கள் தம்மிடம் இருந்தன என்று ஆவணங்களால் காட்ட முடியவில்லை என்பதே காரணம்.

மெய்யான வாதத்தையும் போலி வாதத்தையும் பிரித்தறிவது எங்ஙனம்? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, இவ்வாதம் இந்த வழக்கின் உண்மைகளைப் பற்றியதா, அன்றி ஏற்றுக்கொண்டால் நாட்டிலுள்ள எல்லா அடமானங்களையும் ஒருசேரக் கவிழ்ப்பதா? மாசசூசெட்ஸ் வாதம் முதல் வகை. கிரெடிட் ரிவர் வாதம் இரண்டாம் வகை. இரண்டாவது, அதற்கு ஆதாரமாகக் காட்டும் தீர்ப்பு மேல் நீதிமன்றத்தில் நிலைத்ததா? மூன்றாவது, அதனைச் சொல்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பவரா, அன்றிக் கட்டணம் பெற்றுக்கொண்டு விலகிவிடுபவரா?

சட்டம் என்பது சரியான சொற்களை உச்சரித்தவுடன் கதவு திறக்கும் மந்திரம் அன்று. இரு தரப்பாரின் நியாயத்தையும் கேட்டு, ஒருவருக்குச் சொல்லும் விதியையே அனைவருக்கும் சொல்லும் முறை அது. அவ்விதி கடுமையாக இருந்தால், மின்னசோட்டா மக்கள் செய்ததுபோல் அதனை மாற்றுமாறு கேட்க வழி உண்டு. அவ்வழி நீண்டது, எனினும் திறந்திருப்பது. மாணவர்களாகிய நீங்கள் நாளை பத்திரங்களில் கையெழுத்திடுவீர்கள்; பிறருடைய பத்திரங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் உங்களுக்கு வரும். இடர்ப்பட்ட ஒருவர் உங்களிடம் வந்து கேட்கும்போது, இனிய சொல்லைக் காட்டிலும் மெய்யான வழியைச் சொல்லுங்கள். அவருடைய வீட்டைக் காக்க உதவக்கூடியது அதுவே.