அறிவிப்புப் பலகையில் ஆதார் எண்

ஊராட்சி அறிவிப்புப் பலகையில் பயனாளிகளின் பட்டியலை ஒட்டுதல் நல்ல வழக்கம். எவருக்கு வீடு, எவ்வளவு தொகை என்பதை ஊரார் அறிதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நோக்கமும் அதுவே. ஆயினும் பட்டியலில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதில் நம்மிடையே தெளிவு போதவில்லை.

அண்மையில் நாம் சென்ற ஓர் ஊரில், ஒவ்வொரு பெயருக்கும் நேரே பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் முழுமையாக எழுதப்பட்டிருந்தன. மழையில் நனையாதிருக்கக் கண்ணாடியும் பொருத்தியிருந்தனர்! ஒட்டியவரின் எண்ணம் தூயதே. ஆனால் ஆதார் எண்ணைப் பலர் அறிய வெளியிடலாகாது என்பது 2016ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டத்தின் விதி. அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்துள்ளனர்.

வெறும் எண்ணால் என்ன கேடு எனலாம். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் ஒருவன் கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் பிழையின்றிச் சொன்னால் எந்த விவசாயியும் நம்பிவிடுவார். கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் கூறிவிடுவார். அவ்வாறு பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பட்டியலுக்குப் பெயரும் தொகையும் போதும். ஒரே பெயரில் இருவர் இருப்பின் தந்தை பெயரைச் சேர்க்கலாம். அடையாளத்திற்கு மட்டும் நகல் கேட்குமிடத்தில், கடைசி நான்கு இலக்கங்களே தெரியும் ஆதார்ப் படிவத்தைப் பெறலாம். பலகையிலிருந்து எடுத்த பழைய தாள்களைக் கிழித்து எரித்துவிடுக. பொட்டலம் மடிக்கக் கடைக்குப் போகவிடலாகாது.